ஊரில் இல்லாதவர்களின் பட்டியல்

கூத்தாநல்லூரில் டிராவல்ஸ் நடத்திவந்த ஜெகபர் அலி தொண்ணூற்றாறு சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றதற்குக் காரணம் ஒரு மையித்து. அவர் ஷார்ஜாவுக்கு அனுப்பிய ஜெக்கரியா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். அவன் மையித்து நாற்பத்திரண்டு நாள் பிணவறையில் கிடந்தது. தூதரகத்துக்கு எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்தால் நகரும் என்றார்கள். எம்.எல்.ஏ. மூன்று நாள் வாசலில் உட்காரவைத்துவிட்டு, நாலாம் நாள், "ஏஜென்டுக்கெல்லாம் லெட்டர் கிடையாது" என்று ஆள்விட்டுச் சொன்னார். உடலை அங்கேயே அடக்கினார்கள். அந்த லெட்டர் பேடு தன் மேசையிலேயே இருக்கவேண்டும் என்ற வீம்பு அன்று பிடித்துக்கொண்டது.

ஓட்டைப் பிரிக்காமல் வாபஸ் வாங்கச் சொல்லி ஜமாத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"வீட்டுக்கு ஒருத்தரை ஏத்தி விட்டிருக்கேன். எந்த வீட்டுல எனக்கு இல்லைன்னுடுவாங்க?" என்று எழுந்து வந்துவிட்டார். தோற்றால் அந்தப் பள்ளிவாசல் முற்றத்தில் இனி தன் பேச்சு எடுபடாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வீடுகளை நம்பியே நோட்டீஸ் அடித்தார். ஆறு பக்கம். தான் அனுப்பிய ஆயிரத்து நூறு பேரின் பெயர், தகப்பனார் பெயர், தெரு, இருக்கும் நாடு. பழைய ஃபைல்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தவர் ஆபீஸில் விசா ஃபாரம் நிரப்பும் அரசப்பன்.

"இவங்கள்லாம் அங்கல்ல இருக்காங்க பாய். ஓட்டு போட வருவாங்களா?"

"அவங்க உம்மா, பொண்டாட்டி இங்கதானே இருக்காங்க. பேரைப் பாத்தா நெனப்பு வரும்ல."

ஓட்டுப்பதிவன்று பதினோரு மணிக்கு, வேட்பாளர் என்ற உரிமையில் பள்ளிக்கூடச் சாவடிக்குள் நுழைந்தார். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெஞ்சில் பெரிய கட்சியின் பூத் ஏஜென்டு அமிர்தலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஜெகபர் அலியின் நோட்டீஸ் விரிந்திருந்தது. எதிராளியே மெனக்கெட்டுப் படிக்கிறானே என்று ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் பெயர்களின் பக்கத்தில் சிவப்புப் பென்சில் டிக்குகள் கண்ணில் பட்டன.

"பேரு?" என்றார் தேர்தல் அதிகாரி.

"ஆஸிம்."

"அப்பா பேரு?"

"அப்துல் வஹாப். சின்னப்பள்ளித் தெரு."

தடங்கலில்லாமல் சொன்னவன் தியாகேசன். விசா கேட்டு எட்டு மாதமாக டிராவல்ஸ் படியேறுகிறவன்.

"சார், இவன் ஆஸிம் இல்ல. ஆஸிம் துபாய்ல இருக்கான். நாந்தான் அனுப்பினேன்."

அதிகாரி ஒரு தாளை நகர்த்தினார். "ஆட்சேபனையை எழுதிக் குடுங்க. பாஸ்போர்ட் நம்பர், போன தேதி எல்லாம் வேணும். போலீசுக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்றேன்."

ஜெகபர் அலி பேனாவைத் திறந்தார். ஆஸிம் போனது செத்துப்போன ஒருவனுடைய பாஸ்போர்ட்டில், படத்தை மட்டும் மாற்றி ஒட்டி. எந்தக் காகிதத்திலும் ஆஸிம் கடல் தாண்டவில்லை. அவன் மட்டுமல்ல, நோட்டீஸில் ஐந்துக்கு ஒருவர் அப்படிப் போனவர். ஒன்றைத் தோண்டினால் அத்தனை பேரையும் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

அமிர்தலிங்கம் தலையைத் தூக்கவில்லை. "எழுதுங்க பாய். யார் யார் என்ன பேர்ல அங்க இருக்காங்கன்னு நாங்களும் தெரிஞ்சுக்குறோம்."

யாரோ சிரித்தார்கள். பேனாவை மூடினார்.

"சரியாப் பாக்கல சார். இவன் ஆஸிம்தான்."

தியாகேசன் விரலில் மை வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பாராமல் மறைப்புக்குள் போனான்.

பெண்கள் வரிசையில் நாலாவதாக நின்ற சபிஹா, ஆஸிமின் மனைவி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வெளியே வந்ததும் வரிசையைவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"ரெண்டு வருஷமா முகத்தைப் பாக்கல மாமா. யாரோ ஒருத்தனைப் பாத்து அவங்கதான்னு சொல்லிட்டீங்க."

"ஆஸிமுக்காகத்தாம்மா சொன்னேன். எழுதியிருந்தா அவன் பொழப்புப் போயிடும்."

"தெரியும். உங்களுக்குப் போடணும்னுதான் வந்தேன்." கையிலிருந்த பூத் சிலிப்பை நாலாக மடித்தாள். "எங்க வீட்டு ஓட்டுதான் போட்டாச்சே."

தெருவில் இறங்கி நடந்தாள். என்னவென்று விசாரித்துக்கொண்டிருந்த சின்னப்பள்ளித் தெருப் பெண்கள் இரண்டு பேர் அவரை ஏறிட்டுப் பார்த்தார்கள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்களும் ஓட்டுப் போடாமலே அவள் பின்னால் போனார்கள்.