துண்டுக்குள் ஐந்து விரல்

சுப்பராயலுவின் குரலுக்கு டாக்டர் சொன்ன விலை பதினோராயிரம் ரூபாய். அறை வாடகை தனி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் முப்பது வருஷம் மாட்டுத் தரகு பண்ணின குரல் அது. நொண்டி மாட்டைக்கூட நாலுகால் பாய்ச்சலில் விற்றுக் கொடுத்துவிடும். பொருளையும் கொடுத்து, விலையையும் கொடுத்துவிட்டு வருகிற வியாபாரம் எந்தச் சந்தையில் நடக்கும்? ஆனால் வந்திருந்தது தொண்டையில் புற்று. அதனிடம் பேரம் பேச இடமில்லை. குரல்வளையை அறுத்தெடுத்துவிட்டார்கள்.

தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டோரத்து நர்சிங் ஹோம் ஒன்றில், கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். பேச்சு போனவனுக்குக் காதும் கேட்காது என்பது அங்கே சட்டம் போலிருந்தது. நர்சுகள் காதருகே வந்து கத்தினார்கள்.

"தாத்தா! தூங்குனீங்களா!"

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் தலையை ஆட்டுவதற்குள் கேள்வி அவரைத் தாண்டி மனைவி பச்சையம்மாவிடம் போய்விடும்.

"தூங்குனாராம்மா?"

"தூங்குனாரு சிஸ்டர்."

"வலி ஏதாவது?"

"அதெல்லாம் இன்னா வலி? எங்க ஊட்டுக்காரரு கல்லாட்டம் கீறாரு."

பச்சையம்மா பொய் சொல்கிறவள் இல்லை. வலி என்று சொன்னால் மறுபடியும் அறுத்துவிடுவார்கள் என்று பயம். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இல்லாமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை. சுப்பராயலு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி கிடந்தார். விற்பவனும் வாங்குபவனும் முதுகுக்கு மேலே பேசிக்கொள்ள, நடுவில் நிற்கும் மாடு. எத்தனை மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்திருப்பார்! உனக்கு எங்கே நோவு என்று ஒன்றையாவது கேட்டதுண்டா?

எல்லாரும் தொண்டையையே கேட்டார்கள். வலியோ வலது கெண்டைக்காலில் இருந்தது. ஈரக் கயிற்றை உள்ளே விட்டு யாரோ முறுக்குவது மாதிரி. காலைக் காட்டினார். பச்சையம்மா தைலம் எடுத்து அமுக்கிவிட்டாள். காலை இழுத்துக்கொண்டார். "கூச்சத்தப் பாரேன்" என்று சிரித்து, இன்னும் அழுத்திப் பிடித்தாள். வேண்டாமென்று கையை உதறினால் இடது காலையும் சேர்த்துக்கொண்டாள். கடன் கொடுத்தவனிடமிருந்துகூடத் தப்பிக்கலாம், இந்தப் பிரியத்திடமிருந்து முடியவில்லை.

எழுதிக் காட்டச் சொல்லி ஒரு சிலேட்டு கொடுத்திருந்தார்கள். அவருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும். தவிப்பில் அதையே எழுதிக் காட்டினார்.

"அழகா இருக்கு தாத்தா!" என்று கத்திவிட்டுப் போனாள் ஒரு நர்ஸ்.

நர்சுகளில் ஹில்டா மட்டும் கத்தமாட்டாள். கேட்டுவிட்டு ஒரு நொடி நின்று முகத்தைப் பார்ப்பாள். நிற்கிற ஆளிடம்தான் விலை சொல்ல முடியும் என்பது சுப்பராயலுவுக்குத் தெரியும். வாய் வேண்டாத பாஷை ஒன்றும் அவரிடம் இருந்தது. மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் ஹில்டா குழாயைச் சுத்தம் பண்ண வந்தாள். பச்சையம்மா வெந்நீருக்குப் போயிருந்தாள். சுப்பராயலு தலைமாட்டிலிருந்த துண்டை எடுத்து ஹில்டாவின் கைமேல் போட்டு, அடியில் அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். மறு கையால் போர்வைக்குக் கீழே காட்டினார்.

ஹில்டா உதறிக்கொண்டு பின்வாங்கினாள். ட்ரே தரையில் விழுந்து உருண்டது.

"சீ! என்ன நெனச்சுட்டிருக்கீங்க? வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கங்க!"

வாசலில் பிளாஸ்க்கோடு பச்சையம்மா நின்றிருந்தாள். துண்டை எடுத்து மடித்துப் பைக்குள் அடியில் திணித்தாள்.

அன்று முழுக்க ஹில்டா அந்த அறைப் பக்கம் வரவில்லை. மற்ற நர்சுகள் வாசற்படியிலேயே நின்று பச்சையம்மாவைக் கேட்டுக்கொண்டு போனார்கள். பச்சையம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கால் பிடித்தாள். கோபத்தில் கை இன்னும் பலமாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சந்தை முடிந்த கையோடு பாட்சா பாய் பார்க்க வந்தார். சுப்பராயலுவோடு தரகில் பங்கு.

"இன்னா மச்சான், நீ இல்லாம மாடுங்கல்லாம் கேக்குற வெலைக்கே போவுது!"

பச்சையம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். "உங்க சினேகிதரு பண்ண வேலயக் கேளுங்க பாய். துண்டப் போட்டு சிஸ்டரு கையப் புடிச்சிட்டாரு."

பாட்சா சிரிக்கவில்லை. "துண்டு எங்க தங்கச்சி?"

வாங்கித் தன் கைமேல் போட்டுக்கொண்டு, அடியில் நண்பனின் கையைத் தேடினார்.

"தொண்ட?"

ஒரு விரல்.

சுப்பராயலு காலைக் காட்டினார். "காலா?"

ஐந்தும்.

பாட்சாவின் முகம் மாறியது. வெளியே போய் ஹில்டாவைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூட்டிவந்தார்.

"கோச்சுக்காதம்மா. இவன் உன் கையப் புடிக்கல, வெல சொன்னான். மாட்டு யாவாரத்துல இப்பிடித்தான். தொண்ட வலிக்கு ஒரு வெரலு, கால் வலிக்கு அஞ்சு."

"கொஞ்சம் கூடத்தான் சொல்வாங்க எல்லா பேஷண்டும்."

"இவனா? முப்பது வருசமா மொதப் பிடியில அஞ்சு வெரலும் குடுத்து நான் பாத்ததில்ல. ஒண்ணுல ஆரம்பிச்சு, என் உசுர வாங்கி, மூணுல முடிப்பான். இன்னிக்கி பேரமே பேசலம்மா."

ஹில்டா போர்வையை விலக்கினாள். வலது கெண்டைக்கால் எண்ணெய்ப் பளபளப்போடு இடதைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. தொட்டாள், சுட்டது.

"யாரு இத அமுக்குனது?"

"நான்தான் சிஸ்டர். தெனமும்."

"இனிமே தொடாதீங்கம்மா. உள்ள ரத்தம் கட்டிருக்கு போல. அது நகந்து நெஞ்சுக்குப் போச்சுன்னா..." முடிக்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

பச்சையம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். வண்டி வருவதற்குள் சுப்பராயலுவுக்குக் குழாய் வழியே வந்த மூச்சு திக்கித் திக்கி வந்தது. ஹில்டாவும் வண்டியில் ஏறினாள். துண்டைத் தானே எடுத்துத் தன் கைமேல் விரித்து, அடியில் அவர் கையைச் சேர்த்துக்கொண்டாள்.

"நேத்து நான் நின்னு கேட்டிருக்கணும்" என்றாள் மெதுவாக. "இப்பச் சொல்லுங்க. நெஞ்சு?"

எதிரே பச்சையம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பராயலு கண்ணில் ஒன்றும் காட்டவில்லை. சந்தையில் கற்றது. துண்டுக்கு அடியில் நான்கு விரலைப் பிடித்தார். ஹில்டாவும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"இன்னா சொல்றாரு சிஸ்டர்?"

"சீக்கிரம் போகச் சொல்றாரும்மா."

வண்டி பல்லாவரத்தைத் தாண்டியது. சந்தை கலைந்து, சாணி வாசனை மட்டும் ஜன்னல் வழியே வந்தது. சுப்பராயலு மறு கையால் பச்சையம்மாவின் கையைத் தேடிப் பிடித்தார். தைலம் இன்னும் பிசுபிசுத்தது. மனசுக்குள் கணக்கு ஓடியது. தொண்டைக்கு ஒன்று, காலுக்கு ஐந்து, நெஞ்சுக்கு நான்கு. கால் அமுக்கினதைப் பச்சையம்மா பேரில் பற்று எழுத மனம் வரவில்லை, அதைத் தள்ளுபடி செய்தாயிற்று. ஹில்டா பேரில் பாக்கி, நேற்றைய ஒரு நாள்.