சித்தப்பாவின் ஒரு நாள் சிறுநீர்

கிடங்கில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். வயது இருபத்து நான்கு. ஊரை விட்டு வந்து மூன்று வருடம். சரக்குக் கிடங்குக்குப் பின்னால் ஆறு பேர் படுக்கும் அறையில் ஜன்னலோரக் கட்டில் அவனுடையது. போன மாதம் ஆறு பேர் எட்டுப் பேரானார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட அப்பா, பெரிய ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது என்று வந்து சேர்ந்தார். கூடவே, தன் சிறுநீரகத்தைக் கொடுக்கப்போகும் வள்ளல் சித்தப்பாவும்.

கிரேன்தான் முதலில் கொடுப்பதாக இருந்தது. அவன் ரத்த வகை சேரவில்லை. சித்தப்பாவுடையது சேர்ந்தது. அவ்வளவுதான், குடும்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை அளவு சரியாக இருந்தால் கிழிசலைப் பார்க்க வேண்டாம் என்கிற புத்திசாலிகள் அவர்கள். வள்ளலோ வந்த நாளிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை.

"என் கிட்னி இரும்புடா. அண்ணன் இன்னும் நாப்பது வருஷம் ஓட்டலாம்."

"எனக்கு இப்பவே அறுபது," என்றார் அப்பா, படுத்தபடியே. "நூறு வரைக்கும் உன் பேச்சைக் கேக்கணுமா?"

ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய கேனைக் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சொட்டு விடாமல் அதில் பிடித்துத் தர வேண்டும். மறுநாள் காலை குளியலறை வாசலில் சித்தப்பா அதைக் கிரேன் கையில் திணித்தார்.

"நீ பிடிச்சுக் குடுடா."

"எதுக்கு சித்தப்பா?"

"லேசா பிரஷர். எட்டு வருஷமா. மாத்திரை போட்டா அளக்கும்போது சரியா காட்டும், அதைச் சமாளிச்சாச்சு. ஆனா போறது கொஞ்சம் நுரையா போகுது. கேள்வி கேப்பாங்க. உன்னோடது சுத்தம்ல?"

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் முடிந்து, பிழிந்த துணி மாதிரி வரும் அப்பாவைக் கிரேன் நினைத்தான். பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குத் தாளைக் காட்டுவது போலத்தானே என்று தனக்குத்தானே ஒரு கேவலமான சமாதானம் சொல்லிக்கொண்டு, கேனைப் பைக்குள் வைத்து வேலைக்கே எடுத்துப் போனான்.

"என்னடா கிரேன், ஜூஸ் வியாபாரமா?" என்றான் கூட மூட்டை தூக்குகிறவன்.

"ஒரு கிளாஸ் வேணுமா?"

நான்கு நாள் கழித்து, தானம் கொடுப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் சித்தப்பா, கிரேன் இருவரையும் உட்கார வைத்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார்.

"எத்தனை கிலோ சார் நீங்க?"

"அம்பது. ஒரு கிராம் கொழுப்பு கிடையாது," என்றார் வள்ளல்.

"தசையில இருந்து தினமும் ஒரு கழிவு சிறுநீர்ல வரும். உடம்புக்கு ஏத்த அளவுதான் வரும். இதுல உங்க உடம்புக்கு ரெண்டு மடங்கு இருக்கு." நர்ஸின் பார்வை நகர்ந்து கிரேனின் தோளில் நின்றது. "யாரோ மூட்டை தூக்குறவங்களோடது மாதிரி."

சித்தப்பா மின்விசிறியை விலைக்கு வாங்கப்போகிறவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன்தான் சொன்னான், தலை குனிந்து, ஒன்று விடாமல்.

"ரொம்ப நல்ல வேலை தம்பி. கேன் உன்னோடது, கிட்னி அவரோடது. அப்பா உடம்புல எதை வைப்போம், கேனையா?"

நர்ஸ் ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

"நுரைன்னா பெரும்பாலும் புரதம் ஒழுகுது. அந்தக் கிட்னியை வெச்சா அப்பாவுக்கு ரொம்ப நாள் ஓடாம போகலாம். மிச்சம் இருக்கிற ஒண்ணோட இவரும் பக்கத்துக் கட்டில்ல டயாலிசிஸுக்கு வந்து படுக்கலாம். ஒருத்தர் நோயாளியா இருக்கிற வீட்டுல ரெண்டு பேர்."

"குடுக்க வந்த மனுஷனைக் குத்தம் சொல்றீங்களே," என்று சித்தப்பாவுக்கு ரோஷம் வந்தது. "மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மனசு நல்ல மனசுதான் சார். அதை எடுத்து வைக்க முடியாதே."

மறுபடி, இந்த முறை நர்ஸின் கண் பார்வையில், சித்தப்பாவே பிடித்துக் கொடுத்தார். புரதம் தாராளமாக இருந்தது. வள்ளலிடம் உண்மையிலேயே தாராளமாக இருந்தது அது ஒன்றுதான். அவர் கொடுக்க முடியாது என்று எழுதி, பிரஷர் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா தம்பியை ஒன்றும் சொல்லவில்லை. மகனைத்தான் கூப்பிட்டார்.

"அவன் முட்டாள், தெரிஞ்ச விஷயம். நீ எனக்காகத்தான் செஞ்சியாடா?"

"ஆமாப்பா."

"நல்லா செஞ்சே போ," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குள் ஊரில் சேதி பரவிவிட்டது. குடும்பக் குரூப்பில் அடுத்த வள்ளல்கள் வரிசை கட்டினார்கள். அத்தைக்கு ரத்தம் சேருமாம், டிக்கெட் போடட்டுமா என்றாள் அம்மா. கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாத அத்தை. பெரியப்பா மகன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான்.

டயாலிசிஸ் அறை வாசலில், செல்போனை வாயருகே பிடித்து, சொல்வது எழுத்தாக டைப் ஆகும்படி கிரேன் குடும்பக் குரூப்புக்குப் பேசினான்.

"நான்தான் பேசுறேன். அந்தக் கேன்ல இருந்தது என்னோடது, சித்தப்பாவோடது இல்ல. தப்பு என் மேலயும் இருக்கு. அப்பாவுக்கு வேணும்தான், சீக்கிரமாவும் வேணும். ஆனா ரத்தம் சேந்தா மட்டும் போதாது, கிட்னி நல்லா இருக்கணும். இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி, வண்டி ஏறுறதுக்கு முன்னாடி என்ன மாத்திரை போடுறீங்க, எத்தனை வருஷமா போடுறீங்கன்னு மறைக்காம இங்க எழுதுங்க."