நீலப் பை

விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் திரைமுன் அமர்ந்திருந்த காவலர், பட்டையில் வரும் பைகளின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் மகளைக் கடத்தியவன், "நீலப் பையைக் கண்டும் காணாம விட்டுடு. மாட்டுச்சுன்னா உன் பொண்ணு பொணமாத்தான் வருவா" என்று போனில் சொல்லியிருந்தான்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அடுத்து திரைமுன் அமர வேண்டியவள் வந்து நின்றாள்.

"எந்திரிங்கண்ணே. நாற்காலிய வீட்டுக்கா தூக்கிட்டுப் போகப்போறீங்க?"

"ரெண்டு நிமிஷம்மா."

அவர் முகத்தைப் பார்த்தவள், "என்னண்ணே, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று தோளில் கைவைத்தாள்.

பட்டையில் நீலப் பை வந்தது. திரையில் அதனுள்ளே வெடிகுண்டுக் கம்பிகள் தெரிந்தன. இவளைப் போல் எத்தனை நல்லவர்கள் அந்த விமானத்தில் ஏறுவார்களோ? அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"பாப்பாவக் கடத்திட்டாங்கம்மா."

அவள் ஒரு கையால் அபாய மணியை அழுத்தினாள்; மறு கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. கடவுளே, என் மகள் இனி உன் பொறுப்பு என்று அவர் கண்களை மூடிக்கொண்டார்.