கீப்பிங் யாருக்கு

நாலு மணிக்குள் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரி பெண்கள் அணியின் கேப்டனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே ட்யூபுக்கு இரண்டு தடவை லேபிள் ஒட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அதை வாங்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் வெளிய போய்ட்டு வா தாயே" என்றாள்.

ஐம்பது ஓவர் மேட்ச். பத்துப் பேர் முடிவாகிவிட்டது. கேப்டனே வழக்கம்போல் கீப்பிங் நின்றால், மிச்சமிருக்கும் இடத்தில் பேட்டிங்குக்கு அவள் நாத்தனாரைப் போட்டுக்கொள்ளலாம். நிற்கவில்லையென்றால் அந்த இடம் வேறொரு கீப்பருக்குப் போகும். போன மேட்சில் கேப்டன் ஒரு ஸ்டம்பிங்கைக் கோட்டை விட்டபோது, "வெயில் கண்ணக் கூசிடுச்சு" என்று சொல்லித் தப்பித்தாள். கூசவில்லை. முட்டி எழவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிசியோதெரபிப் பிரிவில் வேலை பார்க்கும், எல்லோரும் குருவி என்று கூப்பிடும் பெண்ணை வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பந்து போடச் சொன்னாள். குருவியும் கீப்பர்தான்; கையில் பட்டது கீழே விழாது, ஆனால் பேட்டைப் பிடித்தால் பத்து ரன் தாண்டாது. ஒன்பதாவது பந்தில் கேப்டன் தரையில் கை ஊன்றித்தான் எழுந்தாள்.

குருவி வேறெங்கோ பார்த்தாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா."

அந்தப் பேச்சுதான் கேப்டனுக்குச் சுருக்கென்று தைத்தது.

திரும்பும் வழியில் மருந்துக் கவுன்ட்டரிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, பட்டியல் போட்டாச்சா? உங்களுக்கு முடியலன்னா கீப்பிங்கும் நானே நிக்கிறேன். ஒரே ஆளு, ரெண்டு வேலை."

"பாப்போம்."

ஐம்பது அறுபது என்று அடிப்பவள்தான். ஆனால் மாத்திரை அட்டைகளை அத்தனை லாகவமாக எடுக்கும் அந்தக் கை, போன மாதம் ஒரே மேட்சில் மூன்று கேட்ச்சை விட்டிருந்தது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கோச்சின் அறைக்குள் போனாள். உட்காரவில்லை.

"கீப்பர் நீதானே? எழுதிடவா?"

"வேணாம் சார். குருவிய எழுதுங்க. நான் பேட்டிங் மட்டும். அன்னிக்கு வெயில் இல்ல சார், முட்டி."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "உன் நாத்தனார்?"

"வீட்ல நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. புருஷன் மட்டும், "நான் யார் பக்கமும் இல்லப்பா" என்று தட்டோடு டிவி முன்னால் போய் உட்கார்ந்தான்.

மேட்சில் அவள் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நின்றாள். ஆறு வருஷமாக உறை போட்ட கைகள். எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இடுப்பில் வைத்தாள், கட்டிக்கொண்டாள், தொங்கவிட்டாள். குருவி இரண்டு ஸ்டம்பிங் செய்தாள், லெக் சைடில் பாய்ந்து ஒரு கேட்ச்சும் பிடித்தாள். பேட்டிங்கில் மூன்றே ரன். ஐந்து ரன்னில் தோற்றார்கள்.

பார்க்க வந்திருந்த நாத்தனார்தான் காரை ஓட்டினாள். "நான் இருந்திருந்தா அந்த அஞ்சு ரன்ன அடிச்சிருப்பேன்."

"அடிச்சிருப்ப."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்: "அந்த லெக் சைடு கேட்ச்ச விட்டும் இருப்பேன்."

கேப்டன் காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அடுத்த பட்டியல் எப்போ அண்ணி?"

"வியாழக்கிழமை" என்றாள். சொல்லும்போதே விரல் விட்டுப் பேர்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.