வீட்டுப் பேர்

வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக அருங்காட்சியகத்துக்குக் கிளம்பும்போதே என் மகள் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

“அப்பா, அங்க என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது. பேர் சொல்லித்தான் கூப்பிடணும்.”

“சரிடி கொசு.”

“பாத்தியா!”

“ஐயோ, இதுதான் கடைசி. வாயைத் தைச்சுக்கிறேன், போதுமா?”

அவள் குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நான் வைத்த பேர் அது. டாக்டரே கையை விரித்த நேரத்தில், “என் கொசு எங்கயும் போகாது” என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் அதைவிடச் செல்லமான பேர் கிடையாது. ஆனால் வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். வெளியே அந்தப் பேர் என்ன பாடு படுத்தும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

டீச்சர் அவளையும் இன்னும் ஐந்து பிள்ளைகளையும் என் தலையில் கட்டினார். பானைகள் இருந்த கூடத்தில் திரும்பிப் பார்க்கிறேன், மற்ற ஐந்து பேரும் இருக்கிறார்கள், என் மகளைக் காணோம். எனக்கு மாவு மில்லில் வேலை. இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தியே பழகிய தொண்டை. வாக்காவது ஒன்றாவது!

“கொசூ! ஏய் கொசு!”

கூடமே அதிர்ந்தது. ஆளுயரத் தாழி ஒன்றின் பின்னாலிருந்து, பென்சிலும் கையுமாக அவள் வெளியே வந்தாள். அங்கே ஒட்டியிருந்த குறிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“டேய், கொசுடா!” என்று ஒருத்தன் காற்றில் பட்டென்று கை தட்டினான். அப்புறம் எல்லாரும் அவள் தலையைச் சுற்றிப் பட் பட்டென்று கொசு அடித்தார்கள்.

அதோடாவது நான் சும்மா இருந்திருக்கலாம். “சிரிக்காதீங்கடா! குறைமாசத்துல பொறந்த பிள்ளை, கையளவுதான் இருந்துச்சு!” என்று விளக்கம் வேறு கொடுத்தேன், மடையன். டீச்சரே சிரிப்பை அடக்கக் கர்சீப்பைத் தேடினார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். பின் சீட்டில் கைதட்டல் ஓயவில்லை.

வீட்டில் மனைவி தட்டு வைத்தாள். “கொசு, சாப்பிட வாடி.”

அவள் பாட்டுக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நானும் கூப்பிட்டேன். ஊஹூம்.

கடைசியில் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருக்கும் முழுப் பேரைச் சொன்னேன். என் வாயில் அது யார் வீட்டுப் பிள்ளையின் பேரோ போலிருந்தது.

“வரேம்ப்பா” என்று உடனே வந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. கோபித்திருந்தால் காலைப் பிடித்தாவது கெஞ்சியிருப்பேன்.