ஒரு சின்ன சந்தேகம்

சுவாமிநாதன் கூட்டங்களுக்குப் போவதே கேள்வி கேட்கத்தான். மயிலாப்பூரில் எந்த அரங்கில் யார் எதைப் பற்றிப் பேசினாலும், முடிந்ததும் அவர் கைதான் முதலில் உயரும். “ஒரு சின்ன சந்தேகம்” என்று மைக்கை வாங்கினால் லேசில் திருப்பித் தரமாட்டார். சந்தேகம் கடைசி வரை வராது. ரயில்வேயில் அவர் வேலை பார்த்த கதைதான் வரும். பின்வரிசையில் யாராவது “உட்காருங்க சார்” என்பார்கள். பக்கத்தில் அவர் மனைவி விஜயலக்ஷ்மி தலையைக் குனிந்தபடி கைப்பை ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாள் முதல் இதே பிழைப்பு. அவளுக்கு அலுத்தே போய்விட்டது.

இன்று பேசப்போவது அவர்கள் பெண் ஹம்சினி. கல்லூரியில் பாடம் எடுப்பவள்தான் என்றாலும் பொது மேடை இதுதான் முதல் தடவை. காலையிலேயே அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். “அப்பா வாயைத் தொறக்கப்படாது. என் மானமே போயிடும். நீதான் பொறுப்பு.”

மாம்பலத்தில் முன்பு இருந்த ஏரியைப் பற்றி ஹம்சினி நன்றாகத்தான் பேசினாள். கூட்டத்துக்குத்தான் காது இல்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் போனில், “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று அரங்கமே அதிரச் சொல்லிவிட்டு, அப்புறமும் பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்குக் கண் வாசலில் இருந்த காபி டிரம் மேல். அதிசயமாக, சுவாமிநாதன் மட்டும் ஆடாமல் அசையாமல் கேட்டார்.

“கேள்வி இருந்தா கேக்கலாம்” என்றார் செயலாளர்.

ஒரு கையும் உயரவில்லை. ஹம்சினி சிரிப்பை முகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

சுவாமிநாதன் பாதி எழுந்துவிட்டார். “விஜயா, நிஜமாவே ஒண்ணு கேக்கணும்டி.”

“உக்காருங்கோன்னா! வேண்டாம்னு பார்க்கறா, தெரியலையா?” விஜயலக்ஷ்மி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவரும் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பாதி அரங்கம் காலி.

மூவரும் ஆட்டோவில் மேற்கு மாம்பலம் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருவழியாகப் பொறுப்பு கழிந்தது என்று விஜயலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள்.

“யாருமே ஒண்ணும் கேக்கலையேம்மா” என்றாள் ஹம்சினி. “அப்பாவாவது கேப்பான்னுதான் பார்த்தேன். எழுந்துண்டாளே, ஏம்மா பிடிச்சு உக்கார வெச்சே?”

விஜயலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள். கைப்பை ஜிப்பைத் திறந்து மூடினாள்.

“பெரிசா ஒண்ணுமில்லேம்மா” என்றார் சுவாமிநாதன், தெருவைப் பார்த்தபடி. “மழை பெஞ்சா நம்ம தெருவுல மட்டும் தண்ணி வடியறதே இல்லையே. ஏரி அங்கதான் ஆழமா இருந்துதான்னு கேக்கலாம்னு நெனச்சேன்.”

ஹம்சினி அவர் பக்கம் திரும்பினாள்.

“அதுக்குப் படமே வரைஞ்சு எடுத்துண்டு போயிருந்தேன்ப்பா. யாராவது கேட்டா காட்டலாம்னு.”