தவராசாவைத் தேடி வந்தவள்

மின்சாரம் போய்த் தறிகள் நின்றால் தவராசாவுக்கு ஆகாது. திருத்தணி விசைத்தறிக் கொட்டகையில் மற்றவர்கள் அப்பாடா என்று பீடி பற்றவைக்கிற நேரத்தில், அவன் தறிக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வான். சத்தம் அடங்கினால் அடுத்தது குண்டுதான் என்பது இலங்கையில் பட்டுத் தெரிந்த பாடம். பக்கத்துத் தறி மனோரமாதான் கையைப் பிடித்து வெளியே இழுப்பாள். பிடித்த கையை விட அவளுக்கு மனசு வரவில்லை. பெண்டாட்டியும் மகளும் ஷெல்லடியில் செத்துப்போனார்கள், நானே கொள்ளி வைத்தேன் என்று அவன் அழுதபோது அவளும் சேர்ந்து அழுதாள். மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள்.

எண்பத்தேழாம் வருஷம் ஆடியில், செத்துப்போன பெண்டாட்டி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

பெயர் புவனம். கையில் கல்யாணப் போட்டோ, பக்கத்தில் மகள். அவர் இங்கே தறி ஓட்டுகிறார் என்று அகதி முகாமில் யாரோ சொன்னார்களாம். அரக்கோணத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். மனோரமா போட்டோவை வாங்கிப் பார்த்தாள், அவனேதான். அடப்பாவி, பொய்யா சொன்னான்? இல்லை, புத்தி கலங்கி யாருடைய பிணத்துக்கோ கொள்ளி வைத்தானா? அவன் பள்ளிப்பட்டுக்கு நூல் எடுக்கப் போயிருந்தான், சாயங்காலம் வந்துவிடுவான். வந்து இவர்களைப் பார்த்தால் இவர்களோடு போய்விடுவான். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

“இருந்தாருங்க. காமாலை வந்து பூட்டாரு. நாங்கதான் எடுத்தோம்,” என்றாள்.

புவனம் அலறவில்லை. முந்தானையால் நெற்றிப் பொட்டை அழித்தாள். மகள் தண்ணீர் கேட்டாள். மனோரமா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். பாழாய்ப்போன குழந்தைக்கு அப்படியே அவன் மூக்கு.

“எந்த நாளில மோசம் போனவர், தங்கச்சி? வருசா வருசம் திதி குடுக்க வேணும். அவருக்கு நான் வேற என்னத்தச் செய்ய?”

இதை மனோரமா எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு மனப்பாடமாயிருந்தது ஒரே ஒரு திதி.

“வைகாசி, வளர்பிறை தசமிங்க.”

அது அவன் அவளுக்குத் தாலி கட்டிய நாள்.

அடுத்த பஸ்ஸிலேயே அவர்களை ஏற்றி அனுப்பினாள். சாயங்காலம் தவராசா வந்தான், சாப்பிட்டான், படுத்தான். நிஜமாகவே கொள்ளி வைத்தாயா என்று கேட்க வாயெடுத்தாள். ஏன் இப்போது கேட்கிறாய் என்றால் என்ன சொல்வது? அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

மறுவருஷம் வைகாசித் தசமிக்கு அவனே மல்லிகைப்பூ வாங்கிவந்து, பாயசம் வை என்றான். வைத்தாள், இலை போட்டாள். இந்நேரம் எங்கோ ஒருத்தி அவன் பேரில் இலை போட்டுச் சோறு படைத்து, காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

“நீயும் இரன், மனோ,” என்று பக்கத்தில் இடம் காட்டினான். அவன் சாப்பிட்டு எழும்வரை அவளால் அந்த இலையைப் பார்க்க முடியவில்லை.